குளிகைக் குப்பிக்குள் போன மாத்திரைகள்

"தனு 14. காலை 6.40. கண்ணாடிக் கிளாஸ் ஒன்று உடைந்தது. மகன் கை. மிச்சம் நான்கு."

என் நாட்குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது. நான் எங்கள் ஊர் வாசகசாலையில் மாலை நேரத்து நூலகர். கூட்டம் இல்லாத நாட்களில் வாசிப்பேன், வாசிக்க ஒன்றும் இல்லாதபோது எழுதுவேன். கேரள எல்லையிலுள்ள எங்கள் ஆரியங்கோட்டுப் பக்கம் எந்தக் கிணறு எந்த வருடம் தோண்டியது, எந்த பஸ் எந்த மாதத்தோடு நின்றுபோனது, எந்த வீட்டு ரப்பர் வெட்டி மரச்சீனிக் கிழங்கு நட்டார்கள் என்றெல்லாம் மலையாள மாதமும் தேதியும் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்டு எழுதுவதில்லை. வீட்டில் உடையும் சாமான்களும் அதே நோட்டில்தான் வரும்.

தனு 14 வரியை எழுதியபோது எனக்குக் கோபம். மகனுக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். சாயா கிளாஸை வாயருகே கொண்டுபோனவன் கையிலிருந்து அது தெறித்துச் சுவரில் அடித்தது. நழுவியதல்ல, எறிந்ததுபோல.

"கை தன்னால வெட்டி இழுத்துச்சு அம்மா."

"ராத்திரி முழுக்க போன நோண்டினா காலம்பற கை வெட்டாதா? அடுத்த கிளாஸ ஒனக்குப் பிளாஸ்டிக்ல வாங்கித் தாறேன்."

கும்ப மாதத்தில் கோயில் உற்சவம். வெடிக்கட்டு வாணவேடிக்கை முடியும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து கொஞ்ச நேரமே உறங்கினான். காலையில் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் விழுந்தான். உடம்பு முறுக்கி அடித்தது. அவன் அப்பா அப்போதுதான் ரப்பர் மரங்களில் பால் வெட்டி முடித்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தார். இரும்பு பிடித்தால் நின்றுவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் கையில் வாளியோடு நின்றேன். எல்லாவற்றுக்கும் மணி எழுதுகிற நான் அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

திருவனந்தபுரத்தில் நாங்கள் பார்த்த நரம்பியல் டாக்டர் ஒரு பெண். என்னைவிட வயதில் இளையவர். மலையாளத்தில்தான் பேசினார்.

"எத்தனை நிமிஷம் நீடித்தது?"

மணி பார்க்கவில்லை என்றேன். அவர் அதற்கு முகம் சுளிக்கவில்லை. அடுத்ததாக மகனிடம் கேட்டார். காலையில் எழுந்ததும் கை வெட்டுமா? கையில் உள்ளது தெறித்துப் போகுமா?

"அதொண்ணும் இல்ல," என்றார் என் கணவர்.

நான் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். டாக்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நானே பக்கம் பக்கமாகத் திருப்பி வாசித்தேன். ஏழு மாதத்தில் ஐந்து வரிகள். மூன்று கிளாஸ், ஒரு தட்டு, ஒரு தடவை சீப்பு. ஐந்தும் காலை ஏழு மணிக்கு முன்னால். வாசிக்க வாசிக்க என் குரல் எனக்கே மாறிக் கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் அவனை நான் திட்டியிருந்தேன்.

டாக்டர் தலையாட்டினார். தலையில் வயர் ஒட்டி எடுத்த பதிவும் அதையே சொல்லியது. பதின்பருவத்தில் தொடங்கும் ஒரு வகை வலிப்பு. எழுந்தவுடன் கை வெட்டும், உறக்கம் கெட்டால் பெரிதாக வரும். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், நிறுத்தினால் திரும்பி வரும். ஆகவே பல வருடம் மருந்து உண்டு. வால்ப்ரோயேட் என்று ஒரு மாத்திரை, காலையும் இரவும், கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போவது. இனி விழுந்தால் கையில் சாவியெல்லாம் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பாருங்கள் என்றார்.

மகன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "எனக்கு ஹாஸ்டல்ல நின்னு படிக்க முடியுமா?"

நாகர்கோவிலில் பிசிக்ஸ் படிக்கவேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. வீட்டிலிருந்து தினமும் போய்வர முடியாத தூரமல்ல, ஆனால் இரண்டு பஸ் மாறி, இருட்டில் புறப்பட்டு இருட்டில் வரவேண்டும். உறக்கம் கெட்டே தீரும். தங்கினால்தான் படிப்பு.

"ஒரு வருஷம் ஒன்றும் வராமல் இருக்கட்டும். அப்புறம் பேசுவோம்," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் புது நோட்டு ஒன்று தொடங்கினேன். நான்கு பத்தி: காலை மாத்திரை, இரவு மாத்திரை, உறங்கிய மணி, கை வெட்டல். காலை எட்டு, இரவு எட்டு. பத்து மணிக்கு விளக்கணைப்பு. விடுமுறை நாட்களில் அவன் அப்பா அவனை விடியுமுன் எழுப்பி நெற்றியில் லைட்டைக் கட்டி ரப்பர் வெட்டக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் அன்றோடு நின்றது. மகனுக்கே அது சங்கடமாக இருந்தது.

"நீங்க ஒத்தைக்கா வெட்டுவீங்க?"

"எலே, நீ உறங்கு. உறங்கதும் மருந்துதான்னு டாக்டரு சொன்னா. இனிமே அதாக்கும் ஒனக்க சோலி. மரத்துக்க பாலு எங்கயும் எறங்கி ஓடாது."

மேட மாதம் 3-ல் கடைசியாக ஒரு சிறு வெட்டல். இடவ மாதம் முழுவதும் நான்காவது பத்தி வெறுமை. வெறும் பத்தியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன் கிடையாது.

மிதுனத்தில் மழை பிடித்தது. அந்த மாதத்தில்தான் என் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினோம். மூத்தவள், பாறசாலையில் ஒரு துணிக்கடையில் வேலை. திருப்புறத்திலிருந்து ஒரு வீட்டுக்காரர் பெண் காண வருவதாகச் செய்தி கொண்டுவந்தது என் கணவரின் அக்கா. நான் அவரை மைனி என்று கூப்பிடுவேன். வந்தவர் முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்தார்.

"கர்க்கிடகம் பொறந்தா நல்ல காரியம் ஒண்ணும் நடக்காது. அதுக்கு மின்ன வந்து பாத்துருவாங்க. அதிருக்கட்டு, இத என்னத்துக்குப் பிள்ளே இஞ்ச வச்சிருக்க?"

"எட்டு மணி ஆனா கண்ணுல படணும்லா மைனி."

"ஒனக்க கண்ணுல மட்டுமா படும்? மாப்பிள பையனுக்க பெரியம்மக்காரி ஆஸ்பத்திரியில வேல பாத்தவளாக்கும். பேர வாசிச்சாப் போதும். குடும்பத்துல காக்கா வலிப்பு உண்டுன்னு பூவாறு வரைக்கும் போய்ச் சேரும்."

"அலமாரில வச்சுப் பூட்டிடலாம்."

"பூட்டினா அவன் எடுக்க மறப்பான். நீ வாசகசாலைல இருப்ப. புத்தி இல்லியா ஒனக்கு?"

யோசனை மைனியுடையதல்ல. அதைத் தெளிவாக எழுதவேண்டும். அவர் போன பின்பு, வாயுத் தொல்லைக்குத் தின்கிற வாயு குளிகை வந்த பழைய பிளாஸ்டிக் குப்பி ஒன்றை அடுக்களைத் தட்டிலிருந்து எடுத்துக் கழுவித் துடைத்தவள் நான். ஒரு மாதத்து மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்து அதில் போட்டவளும் நான். குளிகைக் குப்பி இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. யார் கண்ணிலும் படும், யாரும் பார்க்கமாட்டார்கள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

திருப்புறத்துக்காரர் வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லி, மற்றதைக் கர்க்கிடகம் கழிந்து சிங்ஙத்தில் வந்து பேசுவதாகப் போனார்கள். அந்த மாதமே இன்னும் இரண்டு வீட்டுக்காரர் வந்து பார்த்துப் போனார்கள். அடுத்த மாதத்து அட்டைகள் வந்தபோதும் அதே குப்பியில் கொட்டினேன். மாத்திரைகளை முதலில் குப்பிக்கு மாற்றிய நாளின் தேதி என் எந்த நோட்டிலும் இல்லை. எழுதவேண்டிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

கர்க்கிடகம் 2. மகன் குப்பியோடு வந்தான். "அம்மா, இதுல ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. பிசுபிசுன்னு வருது."

"மழையாக்கும். பப்படமே நமத்துப் போவுது, மாத்திரை நமக்காதா?"

கத்தி முனையால் பிரித்துக் கொடுத்தேன். கர்க்கிடகம் 4-ல் கரண்டி தெறித்தது. கர்க்கிடகம் 6, காலை 6.50, அடுக்களை வாசலில் விழுந்தான். இந்தத் தடவை மணி பார்த்தேன். ஒருக்களித்துக் கிடத்தித் தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தேன். இரண்டு நிமிடம் பத்து நொடி. கணவரின் கை பழக்கத்தில் சாவிக்கொத்தை நோக்கிப் போனது.

"அப்பா, சாவிய கீழ வையுங்க," என்றாள் மகள். அவர் வைத்துவிட்டார்.

மூன்று மாதத்துக்கும் மேல் சேர்த்து வைத்த நாட்கள் போயின. எனக்குச் சந்தேகம் மகன் மேல். அவன் தெளிந்து, கஞ்சி குடித்து உட்கார்ந்த பிறகு கேட்டேன்.

"நெசமாச் சொல்லு மக்கா. முழுங்கினியா, துப்பினியா?"

"முழுங்கினேன்."

"எல்லா நாளுமா?"

அவன் என்னையே பார்த்தான். பிறகு வாயை ஆவென்று திறந்து, நாக்கை நீட்டி, இப்படியும் அப்படியும் சுழற்றிக் காட்டினான். "இனி தெனமும் காட்டவா? நோட்டுல அதுக்கொரு பத்தி போடுங்க."

டாக்டரிடம் போனோம். கணவருக்குக் காய்ச்சல், நானும் மகனும் மட்டும். மருந்தை ஒழுங்காக எடுத்தானா என்று டாக்டர் கேட்டார். நான் நோட்டை விரித்தேன். இரண்டு பத்தியும் ஒரு நாள் விடாமல் நிறைந்திருந்தன. அளவைக் கூட்டவேண்டியிருக்குமோ என்று யோசித்தவர், எழுதப்போன பேனாவை நிறுத்தி, "மாத்திரை கையில் இருக்கிறதா?" என்றார்.

குப்பியை நீட்டினேன். அவர் லேபிளை வாசித்தார். "இது வாயுவுக்கு உள்ளதல்லே?" என்று சிரித்தபடி குலுக்கினார். சத்தம் வரவில்லை. திறந்து உள்ளங்கையில் தட்டினார். ஏழெட்டு மாத்திரைகள் ஒரே கட்டியாக, வெளிப்பூச்சு வெடித்து, ஈரமாக விழுந்தன. சிரிப்பு போய்விட்டது.

"இதன் அட்டை எங்கே?"

"எடுத்துட்டேன்."

"எதற்கு?"

பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தான். நான் எதற்கென்று சொன்னேன். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

டாக்டர் திட்டவில்லை. இந்த மருந்து காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், விழுங்குகிற நேரத்தில்தான் உறையிலிருந்து எடுக்கவேண்டும் என்று சொன்னார். மேசை இழுப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டினார். ஈரம் படாமல் வைக்கவும் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. கோயில் கல்வெட்டையும் கிணற்றுக் கல்லையும் தேடிப் போய் வாசிக்கிறவள் நான். என் வீட்டு மருந்தின் முதுகை வாசிக்கவில்லை.

"அளவைக் கூட்டவேண்டாம். இதே அளவு, அட்டையோடு. பார்ப்போம்," என்றார்.

திரும்பும் பஸ் நெய்யாற்றின்கரையைத் தாண்டியது. மழைக்காக ஷட்டர் இறக்கியிருந்தது. மகன் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி சொன்னான்.

"அக்காக்குக் கல்யாணம் ஆவணும். செரி. அதுக்கு நான் விழணுமா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நான் முழுங்கலன்னு சொன்னீங்க. நாக்க நீட்டிக் காட்டினேன். எனக்க மருந்த நீங்க ஒளிச்சு வச்சிட்டு."

"தப்புதான் மக்கா."

"இனி அத நான் வச்சுக்கிடுவேன். நோட்டையும்."

அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மாத்திரையைக் கொடுத்துவிடலாம், நோட்டைக் கொடுப்பதா? பாறசாலை வரும்வரை யோசித்தேன். கொடுப்பதென்று முடிவு செய்தேன். முடிவு செய்ததைச் சொல்லவும் செய்தேன், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போனதும் மாற்றிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஒரு பேரம் மட்டும் பேசினேன்: ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காட்டவேண்டும். அவன் ஒத்துக்கொண்டான். கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. கர்க்கிடகம் 6 முதல் அடுத்த கர்க்கிடகம் 6 வரை.

சாயங்காலம் அவன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் அடுக்களைக்கு வந்து புது அட்டைகளை வாங்கிக்கொண்டுபோய் டிவிக்குப் பக்கத்தில் பழைய இடத்தில் வைத்தாள். மைனியும் அப்போது இருந்தார்.

"எடுத்து மாத்து மக்கா. சிங்ஙத்துல அவங்க வருவாங்க."

"வரட்டு மாமி. இதப் பாத்துட்டுப் போறவன் போவட்டு."

"வாயி கூடிப்போச்சு ஒனக்கு."

"கல்யாணம் கழிஞ்சு அங்க போய்த் தெரிஞ்சா அப்பமும் என்னத்தான கேப்பாவ? இப்பமே கேக்கட்டு."

சிங்ஙத்தில் திருப்புறத்துக்காரர் வந்தார்கள். பையனின் அம்மா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இதென்ன என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மகள் சாயாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "தம்பிக்க வலிப்பு மருந்தாக்கும்," என்றாள். பிறகு எல்லோரும் சாயா குடித்தார்கள், நேந்திரங்காய் உப்பேரி தின்றார்கள், ரோட்டின் நிலைமையைப் பற்றிப் பேசினார்கள். போனவர்கள் ஒரு செய்தியும் சொல்லியனுப்பவில்லை. மைனி அந்த ஓணத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மகளுக்கு இன்றுவரை ஒன்றும் அமையவில்லை. அதை நான் வலிப்பின் கணக்கில் எழுதவில்லை. அதற்குப் பின் வந்த இரண்டு பேரை அவளே வேண்டாம் என்றாள். ஒருவன் மூக்கொழுகிக்கொண்டே இருந்தானாம்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தோம். எட்டு மணி, எட்டு மணி, பத்து மணி. மகனின் போனில் காலையும் இரவும் மணியடிக்கும். அட்டையிலிருந்து மாத்திரை உடைகிற சத்தம் கேட்கும். பிளஸ் டூ பரீட்சைக்கு எல்லோரும் விழித்திருந்து படித்தபோது இவன் சாயங்காலமே படித்து முடித்துப் பத்து மணிக்குப் படுத்தான். கூடப் படிக்கிறவர்கள் விடவில்லை.

"எலே, ஒனக்க வீட்ல கோழியா வளக்காங்க? பத்து மணிக்குக் கூட்டுல அடைச்சிடுவாங்களாமே!"

"கோழிதாம்லே. காலம்பற உங்களுக்கு முன்ன எந்திச்சுக் கூவுவேன்."

எங்கள் வீட்டு முற்றத்திலேயே இந்தப் பேச்சு நடந்தது. நான் உள்ளே இருந்து கேட்டேன். அவன் அதைக் கேலியாக மாற்றிவிட்டதும், பின்னால் உள்ளே வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டதும் இரண்டும் உண்மை. உற்சவத்துக்குப் போனான். வெடிக்கட்டுக்கு நிற்காமல் வந்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் காட்டிய நோட்டில், உறங்கிய மணிப் பத்தியில் "9.50" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான்.

நாகர்கோவில் கல்லூரியில் இடம் கிடைத்தது. வகுப்பு மிதுனம் 20-ல் தொடங்குகிறது என்று கடிதம். அந்த வருடம் மிதுனத்துக்கு முப்பத்திரண்டு நாள். கர்க்கிடகம் 6 வரை பதினெட்டு நாள் குறைவு.

"பேசினது ஒரு வருஷம்," என்றேன்.

"பதினெட்டு நாளுக்குக் காலேஜு எனக்காகத் தொறக்காம இருக்குமா?"

"பிந்திச் சேரலாம்."

"அம்மா, இது நீங்க எழுதுற ஊருக் கிணறு இல்ல. வருஷம் சரியா இருக்கணும்னு."

கணவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்றேன், கேட்டோம். போகட்டும் என்றார் அவர். மூன்று காரியம் மட்டும்: மாத்திரை அட்டையோடு, உறக்கம் கெடக்கூடாது, அறையில் கூட இருப்பவனிடம் விஷயத்தைச் சொல்லவேண்டும்.

மூன்றாவதை மகன் நாங்கள் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருக்கும்போதே செய்தான். அறையில் இன்னொருவன் கொசுவலை கட்டிக்கொண்டிருந்தான். கடற்கரைப் பையன், கழுத்தில் சிலுவை, அப்பாவுக்கு மீன்பிடி வள்ளம். எனக்கு வலிப்பு உண்டு, மருந்து எடுக்கிறேன், விழுந்தால் இப்படி ஒருக்களிச்சுப் போடணும், மணி பாக்கணும், வாயில ஒண்ணும் வைக்கப்பிடாது என்று மகன் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். அவன் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டான்.

"கடல்ல தண்ணி குடிச்சு மயங்கினவங்கள எங்க அப்பா சரிச்சுப் போடுவாரு. அதுமாரித்தான?"

"அதுமாரித்தான்."

"செரி. எந்தப் பக்கம் கட்டில் வேணும் ஒனக்கு?"

கணவர் அவனுடைய போன் எண்ணை வாங்கி என்னிடம் தந்தார். அட்டைகளை மகன் தலைமாட்டுத் தட்டில், வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும்படி வைத்தான். நான் ஈரம் உண்டா என்று சுவரைத் தடவிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்குமேல் கூப்பிடக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் எங்களை அனுப்பினான்.

கர்க்கிடகம் 6 வந்தது. வருடம் முடிந்தது. ஒரு விழுதலும் இல்லை, ஒரு வெட்டலும் இல்லை. அதை அவன் நோட்டோடு சரிபார்த்து என் நோட்டில் எழுதிவிட்டேன்.

கர்க்கிடகம் 9, வெள்ளி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விடுதியில் வரவேற்பு, பாட்டு, ஆட்டம். மறுநாள் காலையில் போனில் பேசினான். எட்டு மணி மாத்திரையை நேரத்துக்கு எடுத்தானாம். எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போதே அறைக்கு வந்து பத்தரைக்கு உறங்கிவிட்டானாம். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. அறைப் பையனின் எண் என்னிடம் உண்டு. கூப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கூப்பிடவில்லை, கூப்பிடப்போவதுமில்லை. அதனால் என் நோட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: "உறங்கியது 10.30. அவன் சொன்னது. சரிபார்க்கவில்லை."